மூன்று விநாடிப் பறவை

1

மனிதன் பேசக் கற்றுக்கொண்டது உண்மையைச் சொல்வதற்காக அல்ல; இன்னொரு மனிதனை நம்பவைப்பதற்காக.

இந்த வாக்கியத்தை எழுதி முடித்ததும் எழுந்துபோய்க் கண்ணாடியில் முகம் பார்த்தேன், ஏதாவது தத்துவக்களை வந்திருக்கிறதா என்று. பல் தேய்க்காத களைதான் இருந்தது. தவிர, அந்த வாக்கியத்துக்கு என்னிடம் ஆதாரமும் கிடையாது. மனிதன் முதன்முதலாகப் பேசியபோது நான் பக்கத்தில் இல்லை. முதல் வரி கொஞ்சம் கனமாக இருந்தால் வாசகர் இரண்டாவது வரிக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு வருவார் என்று ஒரு கணக்கு, அவ்வளவுதான். நீங்களும் வந்துவிட்டீர்கள். நன்றி. செருப்பைப் போட்டுக்கொள்ளலாம்.

கதை பிறந்த விதத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இது ஒரு காதுமூடியிலிருந்து பிறந்தது. வெளிச் சத்தத்தை அடைக்கிற, இரண்டு பக்கமும் பன் ரொட்டி மாதிரி வீங்கிய காதுமூடி. அதன் விளம்பரத்தில் இப்படி எழுதியிருந்தார்கள்: ‘உங்களுக்குள் ஒரு எழுத்தாளர் பேசிக்கொண்டிருக்கிறார். இரைச்சலில் உங்களுக்குத்தான் கேட்கவில்லை.’ படித்ததும் எனக்குத் திக்கென்றது. பாவம், எவ்வளவு நாளாகப் பேசிக்கொண்டிருக்கிறாரோ. உடனே வாங்கி மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். என் வயிறு இரைவது மிகத் துல்லியமாகக் கேட்டது. வேறு யாரும் பேசவில்லை.

திருப்பி அனுப்பலாமென்றால் பெட்டியை ஆவேசத்தில் கிழித்திருந்தேன். சரி, வாங்கிய குற்றத்துக்கு ஒரு கதையாவது தேறட்டும் என்று உட்கார்ந்தபோது ஒரு கேள்வி வந்தது. அந்த வரியை எழுதியது யார்? என்னை நேரில் பார்க்காமலே என் சட்டைப்பையில் கைவிட்ட அந்த ஆள், அதை எழுதிய அன்று வீட்டில் யாரைப் பார்த்துக்கொண்டு எழுதியிருப்பார்?

அந்த ஆளுக்கு என் நன்றி. கிண்டலாகச் சொல்லவில்லை. அவர் இல்லையென்றால் வாசகக்காரி இல்லை.

2

வாசகக்காரி என்று நான் சொல்வது விளம்பரங்களுக்கு வாசகம் எழுதும் ஒரு பெண்ணை. அவளைக் கதைக்குள் கொண்டுவர மூன்று வாசல்களைத் திறந்து பார்த்தேன்.

முதல் வாசல்: ‘விளம்பரம் என்னும் மாயப்பேய் நம் சமுதாயத்தின் குரல்வளையைக் கவ்வி—’ இதற்கு மேல் போனால் பரிசுக் கோப்பை கொடுத்து மேடையிலிருந்து இறக்கிவிடுவார்கள்.

இரண்டாவது வாசல்: ‘சன்னலுக்கு வெளியே பெய்துகொண்டிருந்த மழையை அவள் வெறித்துப் பார்த்தபடி—’ கதையில் மழை எங்கும் வரவில்லை. பெய்யவைத்தால் யாராவது நனைய வேண்டும், துவட்ட வேண்டும். வேண்டாம்.

மூன்றாவது வாசல் இது:

“மாமா, டீ போடட்டுமா?”

மாமா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, பண்போடு சிரித்து, மெதுவாகத் தலையசைத்தார். அந்தத் தலையசைப்புக்கு வேண்டும் என்றும் பொருள், வேண்டாம் என்றும் பொருள், நாட்டு நிலைமை மோசம் என்றும் பொருள். அவருக்குக் காது கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதை யாரிடமும் ஒப்புக்கொள்ளாமலிருக்க அவர் கண்டுபிடித்த தலையசைப்பு அது.

இந்த வாசல் வழியாகவே போகலாம்.

மாமா என்றால் வாசகக்காரியின் கணவனுக்கு அப்பா. எடை அளவுத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்றவர். கடை கடையாகப் போய்த் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து முத்திரை குத்துவது அவர் வேலை. வீட்டில் அவர் முதுகுக்குப் பின்னால் அவருக்கு ‘முத்திரை’ என்றே பெயர். சாப்பாட்டில் உப்பு சரி என்றால்கூட ஒரு நிமிடம் யோசித்துவிட்டுத்தான் சொல்வார். சொன்னதைப் பிறகு மாற்ற மாட்டார்.

ஒருநாள் மாலை அதே டீக் கேள்வியைக் கேட்டு, திரும்பக் கேட்டு, தொண்டை கட்டி, அடுப்படிக்கு வந்த வாசகக்காரி, அடுப்பு மேடையில் சாய்ந்து நின்று தனக்குள் ஒரு வரியைச் சொல்லிக்கொண்டாள். மறுநாள் அலுவலகத்தில், காது கேட்கும் கருவி செய்யும் கம்பெனிக்கு வாசகம் தேவைப்பட்டபோது, அந்த வரி கையோடு இருந்தது. பேப்பரில் முழுப்பக்கம் வந்தது. ஒரு முதியவர் நாற்காலியில். கீழே:

‘வீட்டில் யாரும் உங்களோடு பேசுவதில்லையா? கோபம் இல்லை. களைத்துவிட்டார்கள்.’

(இந்த இடத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டு அடியில் குறிப்பு எழுத நினைத்தேன்: இந்த வரி எப்படி வேலை செய்கிறது பாருங்கள். கருவியைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. முதலில் நீங்கள் தனியாக இருப்பதைச் சொல்கிறது. பிறகு கோபம் இல்லை என்று தடவிக்கொடுக்கிறது. அந்தச் சுகத்தில் நீங்கள் கண்ணை மூடும்போது, குற்றத்தை எடுத்து உங்கள் மடியிலேயே வைத்துவிட்டுப் போய்விடுகிறது. அடிக்குறிப்பாக வைத்தால் யாரும் படிக்க மாட்டார்கள். அதனால் அடைப்புக்குறிக்குள் வைத்து உங்கள் வழியில் நிறுத்தியிருக்கிறேன். இதுவும் ஒரு உத்திதான்.)

மாமா அன்று அந்தப் பக்கத்தை வழக்கத்தைவிட அதிக நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். மறுநாள் யாரிடமும் சொல்லாமல் கிளம்பிப் போனார். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் அசையாமல் இருந்துவிட்டுச் சொன்னார்:

“யார் வீட்லயோ குழாய் சொட்டுது.”

அவர்கள் வீட்டுக் குழாய்தான். அது சொட்ட ஆரம்பித்துப் பல காலம் ஆகிவிட்டது.

3

இனி நன்றியைப் பற்றி எழுத வேண்டும். கோபத்தை எழுதுவது சுலபம். நன்றியை எழுதினால் வாழ்த்து அட்டை மாதிரி ஆகிவிடுகிறது. முதலில் ‘அவர் உள்ளம் நன்றியால் நிரம்பி வழிந்தது’ என்று எழுதினேன். தரையெல்லாம் ஈரமானதுபோல் இருந்தது. துடைத்துவிட்டு நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

மாமா குளிர்பெட்டியின் முன்னால் போய் நின்றார்.

“இது எப்பவுமே இப்படி முனகுமா?”

“மூணு வருஷமா முனகுது,” என்றார் அத்தை, அதாவது அவர் மனைவி. “நீங்க மட்டும்தான் அதுகூடச் சண்டை போடாம இருந்தீங்க.”

தன் செருப்புச் சத்தத்தைக் கேட்பதற்காகவே கூடத்தில் இரண்டு முறை நடந்தார். மாடிப்படியில் யார் ஏறுகிறார்கள் என்று சத்தத்தை வைத்துச் சொல்லி, தப்பாகச் சொல்லி, கதவைத் திறந்து பார்த்துத் தன்னைத் திருத்திக்கொண்டார். அத்தை தூக்கத்தில் குறட்டை விடுகிற விஷயம் அவருக்குப் புதிதாகத் தெரியவந்தது. அதை அவர் புகாராகச் சொல்லவில்லை, செய்தியாகச் சொன்னார். அத்தைதான் புகாராக எடுத்துக்கொண்டார்.

சாப்பிடும்போது நாளுக்கு ஒரு முறையாவது இந்தப் பேச்சு வந்துவிடும்.

“அந்த விளம்பரம் எழுதினவன் யாரோ, அவன் நல்லா இருக்கணும்.”

“எழுதினவன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? எழுதினவளா இருக்கக் கூடாதா?” என்றார் அத்தை.

“இருக்கட்டும். அவ நல்லா இருக்கணும். நம்ம வீட்டுக்குள்ள வந்து ஒரு மூலையில உட்கார்ந்து பார்த்து எழுதின மாதிரி இருந்துச்சு.”

வாசகக்காரி குழம்பையோ நீரையோ பக்கத்துத் தட்டையோ நகர்த்திவைத்தாள். வீட்டில் எல்லாரும் அவள் பிஸ்கட்டுக்கு எழுதுகிறாள் என்றுதான் நினைத்திருந்தார்கள். பிஸ்கட்டுக்கும் எழுதுவாள். ‘நான்தான்’ என்று சொல்ல ஒரு விநாடி போதும். சொன்னால் அடுத்த கேள்வி வரும்: அந்தக் ‘களைத்துவிட்டார்கள்’ யாரைப் பார்த்து எழுதினது? அதற்கு அவளிடம் ஒரே பதில்தான் இருந்தது. அந்தப் பதிலைக் கேட்டால் மாமா கருவியைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் பழையபடி தலையசைக்கப் போய்விடுவார் என்று அவளுக்குப் பயம். உண்மை வெளியே வரக் கூடாது, மாமா கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அவளுக்கு வேண்டியது இவ்வளவுதான்.

கணவனிடம் மட்டும் சொன்னாள். அவன் யோசித்துவிட்டு, “விடு, அப்பாவுக்கு எதுக்கு இதெல்லாம்,” என்றான். அவனுடைய எல்லா யோசனைகளும் ‘விடு’ என்றே தொடங்கும்.

4

இப்போது ஒரு வில்லன் தேவை. விளம்பர நிறுவனத்தின் தலைவரைக் கொண்டுவருகிறேன். அவர் பெயர் அட்டையில் ‘தலைமைச் சிந்தனையாளர்’ என்று போட்டிருக்கும். முதல் வரைவில் அவருக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி, அறைக்குள்ளும் கழற்ற விடாமல் வைத்திருந்தேன். நாற்காலியைச் சுழற்றிச் சுழற்றிப் பேசினார். படித்துப் பார்த்தபோது எனக்கே அவரைப் பிடிக்காமல் போயிற்று. வாசகருக்குப் பிடிக்காமல் போவதற்கு இடமே மிச்சமில்லை. ஆகவே கண்ணாடியைக் கழற்றினேன். உள்ளே சாதாரணமான, கொஞ்சம் தூக்கம் குறைந்த கண்கள். அலுவலகத்தில் யாருக்காவது உடம்பு சரியில்லையென்றால் முதலில் விசாரிப்பவர் அவர்தான். தான் எடுத்த விளம்பரங்களைப் பார்த்துத் தானே கண்கலங்குவார். அது நடிப்பும் இல்லை. அங்கேதான் சங்கடம்.

கருவிக் கம்பெனிக்கு அடுத்த விளம்பரம் வானொலியில். அதற்கு அவர் ஒரு யோசனை வைத்திருந்தார்.

“ஒரு குரல் வருது. ‘இப்போது ஒரு பறவை கூவும். கேட்கிறதா?’ அவ்வளவுதான். அப்புறம் மூணு விநாடி. அப்புறம் அதே குரல்: ‘கேட்கவில்லையென்றால், எங்களிடம் வாருங்கள். பரிசோதனை இலவசம்.’”

“அந்த மூணு விநாடில என்ன சார் கேக்கும்?” என்றாள் வாசகக்காரி.

“ஒண்ணும் கேக்காது.”

அறையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“பொய் இல்லம்மா,” என்றார் தலைமைச் சிந்தனையாளர். “பறவை இருக்கும். நிஜப் பறவை. அதோட சுருதியை ரொம்ப மேல ஏத்தி, சத்தத்தை ரொம்ப சன்னமாக்கி வெப்போம். சின்னப் பசங்க காதுக்கு வேணா எட்டும். யாராவது கேஸ் போட்டா, ஒலிநாடாவை நீட்டலாம். பறவை உள்ள இருக்கு.”

“காது நல்லா இருக்கறவங்களும் பயந்துடுவாங்களே சார்.”

“பயப்படட்டும். கடைக்கு வரட்டும். சோதிப்போம். நல்லா இருக்குன்னா சந்தோஷமா வீட்டுக்குப் போகட்டும்.”

“அப்படி யாராவது சந்தோஷமா வீட்டுக்குப் போயிருக்காங்களா சார்?”

அவர் டீயை எடுத்துக் குடித்தார். பிறகு மென்மையாகவே சொன்னார். “பயமுறுத்தாம யாராவது டாக்டர்கிட்ட போயிருக்காங்களா, நீயே சொல்லு. உன்னோட போன விளம்பரம் பயமுறுத்துச்சு. அதனால இன்னிக்கு எங்கேயோ ஒரு வீட்ல ஒரு பெரியவர் பேரப்பிள்ளை பேசறதைக் கேட்டுட்டிருப்பார். அவர்கிட்ட போய் இது தப்புன்னு சொல்லுவியா?”

வாசகக்காரிக்கு அந்தப் பெரியவரைத் தெரியும். பேரப்பிள்ளை இல்லை, குளிர்பெட்டிதான். ஆனாலும் அவளால் பதில் சொல்ல முடியவில்லை. (என்னாலும் முடியவில்லை. அவளுக்கு ஒரு நல்ல பதில் எழுதித்தரலாமென்று இரண்டு நாள் முயன்றேன். எல்லாப் பதிலும் மேடையில் நின்று பேசுவதுபோலவே வந்தது.)

விளம்பரத்தின் கடைசியில் ஒரு நிஜ வாடிக்கையாளர் தன் குரலில் நன்றி சொல்ல வேண்டும் என்று முடிவாயிற்று. கருவி விற்ற கடையைக் கேட்டார்கள். அங்கே ஒரு பெரியவர் நன்றி சொல்வதற்கென்றே இரண்டு முறை நேரில் வந்துபோனாராம். கடைக்காரர் அவர் தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டார்.

அன்று மாலை மாமா வாசலிலேயே காத்திருந்தார்.

“என்னை வானொலியில பேசக் கூப்பிட்டிருக்காங்க. உங்க ஆபீஸாம்மா அது? சொல்லவே இல்லையே நீ. அப்ப அந்த வரி எழுதின ஆளும் அங்கதான் இருப்பான். இருப்பா. எப்படியோ. ஒரு தடவை பார்த்துக் கையைப் பிடிச்சு நன்றி சொல்லணும்.”

“அந்த ஆள் லீவுல இருக்காங்க மாமா.”

“நான் என்னிக்குப் போறேன்னே உனக்குத் தெரியாதே.”

“நீளமான லீவு,” என்றாள் வாசகக்காரி.

5

ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போவதற்கு முன் உங்களோடு தனியாக ஒரு வார்த்தை.

அந்தப் பறவை யோசனையை எழுதும்போது, இவ்வளவு கெட்டிக்காரத்தனம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று வியந்தேன். அப்புறம் புரிந்தது. எங்கள் தொழிலில் அது ரொம்ப நாளாக இருக்கிறது. ஒரு கதை எழுதுகிறோம். நடுவில் ஒன்றுமில்லாத ஒரு இடத்தை விடுகிறோம். ஒரு விமர்சகர் எழுந்து, ‘இங்கே ஒரு மௌனம் கூவுகிறது, கேட்கிறதா?’ என்கிறார். கூட்டத்தில் எல்லாரும் தலையசைக்கிறார்கள். கேட்காதவர் தன் காதைத் தடவிக்கொண்டு வீட்டுக்குப் போய், அதே புத்தகத்தை வாங்கி, அலமாரியில் முதுகு தெரிய அடுக்குகிறார். இந்தக் கதையிலும் அப்படி ஓர் ஆழம் இருப்பதாகச் சொல்லிக்கொள்ள எனக்கு ஆசைதான். உங்களுக்குக் கேட்கவில்லையென்றால் உங்கள் காது நன்றாக இருக்கிறது. இதுவரை படித்ததற்கு நன்றி. இலவசப் பரிசோதனை ஒன்றும் கிடையாது.

6

ஒலிப்பதிவுக் கூடம் சிறிய அறை. சுவரெல்லாம் முட்டை அட்டை மாதிரி மேடுபள்ளமான பஞ்சு. நடுவில் கண்ணாடித் தடுப்பு. அந்தப் பக்கம் மாமா, ஒலிவாங்கியின் முன்னால், இஸ்திரி போட்ட சட்டையோடு. இந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர், தலைமைச் சிந்தனையாளர், சுவரோரமாக வாசகக்காரி. மாமா உட்காரும் நாற்காலி கட்டையாக இருக்கிறதென்று தலைமைச் சிந்தனையாளர் தன் அறையிலிருந்து மெத்தையைத் தானே எடுத்து வந்து போட்டார்.

“சொல்லுங்க ஐயா. இந்தக் கருவி உங்க வாழ்க்கையை எப்படி மாத்துச்சு?”

மாமா யோசித்தார். முத்திரை குத்துவதற்கு முன் யோசிப்பதுபோல.

“நல்லா இருக்கு. வீட்ல நல்லா கேக்குது. கடைத்தெருவுல, கூட்டத்துல அவ்வளவா கேக்காது. யாராவது கட்டிப்பிடிச்சா விசிலடிக்கும்னு கடைக்காரர் சொன்னார். எங்க வீட்ல யாரும் கட்டிப்பிடிக்கற வழக்கமில்ல, அதனால அது பரவாயில்ல.”

“ரொம்ப நல்லா சொன்னீங்க. ‘வீட்ல நல்லா கேக்குது’வோட நிறுத்திக்கலாமா?”

“அப்ப கடைத்தெருவு?”

“அதை மக்களே தெரிஞ்சுக்குவாங்க ஐயா.”

“தெரிஞ்சுக்கும்போது வாங்கியிருப்பாங்களே,” என்றார் மாமா. கோபமாகச் சொல்லவில்லை, சந்தேகமாகக் கேட்டார்.

தலைமைச் சிந்தனையாளர் சிரித்துக்கொண்டே, முதலில் விளம்பரத்தைப் போட்டுக் காட்டுவோம், கேட்டால் அவருக்கே உணர்ச்சி வரும் என்றார். ஒலிப்பதிவாளர் பொத்தானை அழுத்தினார். மாமாவுக்கு எதிரே இருந்த ஒலிபெருக்கியில் ஆழமான ஆண் குரல் வந்தது.

‘இப்போது ஒரு பறவை கூவும். கேட்கிறதா?’

மாமா புன்னகையோடு தலையைச் சாய்த்தார்.

ஒன்று. இரண்டு. மூன்று.

‘கேட்கவில்லையென்றால்—’

“இன்னொரு தடவை போடுங்க,” என்றார் மாமா.

போட்டார்கள். இந்த முறை அவர் கை காதுக்குப் போயிற்று. கருவியில் சத்தம் கூட்டும் சின்னச் சக்கரத்தை நகர்த்தினார். மூன்றாவது முறை கேட்டார். கருவியைக் கழற்றி, ஊதி, மறுபடி மாட்டினார். நாற்காலி நுனிக்கு வந்து கண்ணை மூடிக்கொண்டார். வாசகக்காரி கண்ணாடி வழியாக அந்த முகத்தைப் பார்த்தாள். குழாய் சொட்டுவதைக் கண்டுபிடித்த முகம் அது. இப்போது ஒவ்வொரு விளக்காக அணைந்துகொண்டிருந்தது.

“ரெக்கார்டிங் ஓடுதுல்ல?” என்றார் தலைமைச் சிந்தனையாளர் மெல்ல. “விடாதீங்க. இந்த மூச்சு, இதெல்லாம் நடிகர் தர முடியாது.” அவர் கண்கள் உண்மையாகவே கலங்கியிருந்தன.

மாமா கண்ணைத் திறந்தார். “கேக்கல,” என்றார். அப்புறம் யாரிடமும் இல்லாமல், “சரி. கொஞ்ச நாள் கேட்டுச்சு. அதுவே பெரிசு,” என்று சொல்லிவிட்டுக் கருவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

(நான் இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு வெளியே போய் ஒரு நடை நடந்துவிட்டு வந்தேன். வாசகக்காரிக்கு அந்த வசதி இல்லை.)

அவள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். மாமாவின் பையிலிருந்து கருவியை எடுத்து, அவரிடமே நீட்டி, மாட்டச் சொல்லிச் சைகை காட்டினாள். மாட்டினார்.

“மாமா, அங்க பறவை இல்ல.”

“டெக்னிக்கலா இருக்கு,” என்றது ஒலிபெருக்கி. தலைமைச் சிந்தனையாளர் அந்தப் பக்கத்திலிருந்து பேசும் பொத்தானை அழுத்தியிருந்தார்.

“நீங்க கேட்டீங்களா சார்?”

ஒலிபெருக்கி கொஞ்சம் கரகரத்தது. “நான் கேக்கணும்னு அவசியமில்ல.”

“அண்ணே, நீங்க?”

“திரையில கோடு தெரியுதும்மா,” என்றார் ஒலிப்பதிவாளர். “அழகா, நெளிஞ்சு நெளிஞ்சு.”

“காதுல கேட்டீங்களா?”

“எனக்கு எதுக்கும்மா காது, திரைதான் இருக்கே.”

டீயோடு கதவருகே காத்து நின்ற வரவேற்பறைப் பெண்ணையும் அவள் விடவில்லை. “நீ இவ்வளவு நேரம் கதவுகிட்ட நின்னியே, பறவை கேட்டுச்சா?”

“என்ன பறவைக்கா?”

மாமா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எல்லாம் விளங்கச் சிறிது நேரம் பிடித்தது. விளங்கியதும் அவர் கோபப்படுவார் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். நானும் காத்திருந்தேன், ஒரு நல்ல வசனம்கூட எழுதி வைத்திருந்தேன். அவர் அதைச் சொல்லவில்லை.

“எடைக்கல்லுக்கு அடியில குடைஞ்சு எடுத்துடுவாங்க,” என்றார். “மேல முத்திரை அப்படியே இருக்கும். பார்த்தாத் தெரியாது. அந்த மாதிரில்ல இருக்கு இது.” பிறகு கண்ணாடித் தடுப்பைப் பார்த்து, மனசாரச் சொன்னார். “என் சர்வீஸ்ல இவ்வளவு சுத்தமான வேலை நான் பார்த்ததில்ல.”

“நன்றி ஐயா,” என்றார் தலைமைச் சிந்தனையாளர்.

7

திரும்பும்போது பேருந்தில் கூட்டம். இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து இருக்கை கிடைத்தது. மாமா டிக்கெட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு சன்னலைப் பார்த்தபடியே கேட்டார்.

“அந்தப் பேப்பர் விளம்பரம். அதை எழுதினது நீதானா?”

“ஆமா மாமா.”

“களைத்துவிட்டார்கள்னு.”

“ஆமா.”

“அது எந்த வீட்டைப் பார்த்து எழுதினது?”

முன்னால் ஒருவர் நடத்துநரிடம் சில்லறைக்காகச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். வாசகக்காரி அந்தச் சத்தத்தை நம்பினாள். சன்னமாக, பாதி உதட்டில் சொன்னாள். “நான்தான் மாமா களைச்சுப்போயிருந்தேன்.”

மாமா தலையசைத்தார். பழைய தலையசைப்பு இல்லை.

“கூட்டத்துல கேக்காதுன்னு சொன்னேன். தப்பு. கேக்குது.”

“மாமா, நான்—”

“இரு. சொல்றேன். உன் அத்தை ஒரு தடவை சொல்லுவா. அப்புறம் கையை ஒரு ஆட்டு ஆட்டிட்டுப் போயிடுவா. உன் புருஷன் ரெண்டு தடவை சொல்லுவான். ரெண்டாவது தடவை கத்துவான். நான் என்னன்னு கேட்டா, ‘ஒண்ணுமில்ல விடுப்பா’ம்பான். காது போன இந்த நாலஞ்சு வருஷத்துல எனக்குத் தெளிவாக் கேட்ட வார்த்தை அது ஒண்ணுதான். ஒண்ணுமில்ல விடுப்பா.” அவர் சட்டையை இழுத்து நேராக்கிக்கொண்டார். “நீ மட்டும்தான் மூணாவது தடவையும் சொல்லுவ. பக்கத்துல வந்து, முகத்துக்கு நேரா நின்னு. டீயா, காபியா, அது எதுவா வேணா இருக்கட்டும். சொல்லாதவங்க எதுக்கும்மா களைக்கப் போறாங்க? அந்த வரியைப் படிச்சப்ப, நம்ம வீட்ல இது யாருன்னு யோசிச்சேன். ஒரு ஆள்தான் தேறுச்சு. அந்த ஆளுக்காகத்தான் போய் வாங்கினேன்.”

வாசகக்காரிக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. பேருந்தில் எழுதியிருந்த ‘பெண்கள்’ என்ற எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தாள்.

“எழுதினவங்க கையைப் பிடிச்சு நன்றி சொல்லணும்னு சொன்னேன்ல,” என்றார் மாமா. “பஸ்ல வேணாம். எல்லாரும் பார்க்கறாங்க.”

8

கதை இங்கேயே முடிந்துவிட்டது என்று நீங்கள் நினைத்தால், கண்ணைத் துடைத்துக்கொண்டு இப்போதே கிளம்பிவிடுவது உங்களுக்கு நல்லது. இருப்பவர்களுக்கு என்னிடம் வேறு சில முடிவுகள் உண்டு.

ஒன்று: வாசகக்காரி மறுநாள் வேலையை உதறிவிட்டு, தலைநிமிர்ந்து படியிறங்குகிறாள். எழுதிப் பார்த்தேன். படிவரை சரியாகத்தான் வந்தது. கீழே தெரு இருந்தது, வீட்டு வாடகை இருந்தது, அடுத்த வேலை இன்னொரு விளம்பரக் கம்பெனியில்தான் இருந்தது.

இரண்டு: அவள் பேருந்தில் எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொல்லி முடிக்கிறாள்; மாமா திரும்பி, “என்னம்மா சொன்ன? பேட்டரி போயிடுச்சு,” என்கிறார். இது உங்களுக்கும் தோன்றியிருக்கும். எனக்கும் முதலில் இதுதான் தோன்றியது. எல்லாருக்கும் முதலில் தோன்றுவதை விற்கக் கூடாது என்று விட்டுவிட்டேன்.

மூன்று: தலைமைச் சிந்தனையாளர் மனம் திருந்தி, மூன்று விநாடியில் உண்மையான, எல்லாருக்கும் கேட்கிற ஒரு பறவையை வைக்கிறார். கேட்டவர்கள் அனைவரும், ‘அட, நமக்குக் கேட்கிறதே’ என்று மகிழ்ந்து, எதையும் வாங்காமல்—

இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தைரியம் இல்லை.

பறவை விளம்பரம் ஒலிபரப்பானதா என்பதை உங்களிடமே விடுகிறேன். முடிவு செய்யும்போது இரண்டு பேரை எதிரே உட்காரவைத்துக்கொள்ளுங்கள். ஒருவர், அந்த மூன்று விநாடிக்குப் பயந்து கடைக்குப் போய், உண்மையிலேயே குறையைக் கண்டுபிடித்து, இன்று குழாய் சொட்டுவதைக் கேட்பவர். இன்னொருவர், நல்ல காதோடு போய் அதன்மேல் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு வந்தவர். முதலாமவர் உங்களுக்கு நன்றி சொல்வார். இரண்டாமவரும் சொல்வார். என்னால் இந்த இரண்டு நன்றிகளையும் பிரித்துப் பார்க்க முடியவில்லை. உங்களால் முடிந்தால் இந்தக் கதையை முடித்துக்கொள்ளுங்கள்.

என் பங்குக்கு நான் மாமாவுக்கு நன்றி சொல்ல வேண்டும். நான் எழுதி வைத்திருந்த வசனத்தை அவர் பேசியிருந்தால் கதை கெட்டிருக்கும். இத்தனை தூரம் கூட வந்த உங்களுக்கும் நன்றி.

கடைசியாக ஒன்று. சொல்லாமல் விடத்தான் நினைத்தேன். மறுநாள் காலை வாசகக்காரி, ‘சொல்லாதவர்கள் எதற்குக் களைக்கப் போகிறார்கள்?’ என்று ஒரு தாளில் திருத்தமாக எழுதி, அடுத்த விளம்பரத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று தலைமைச் சிந்தனையாளரிடம் கொடுத்தாள். படித்துவிட்டு, நன்றாக இருக்கிறது, ஆனால் இதில் பயமே இல்லை என்று அவர் திருப்பிக் கொடுத்துவிட்டார்.